எபிசோடில் தெரியும் சேர்மன், தெரியாத ஷிஃப்ட்: ஒரகடத்தில் 'ஆசியத் தொழிலதிபர்' சீரிஸ் எப்படி எடுக்கப்படுகிறது?

முதலில் ஒரு ட்ரோன் ஷாட். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை, வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அடுத்து ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரம், இரண்டே வினாடி. பிறகு ஓர் ஆலையின் கண்ணாடி வாசல். ஹெல்மெட்டும் மஞ்சள் ஜாக்கெட்டும் மாட்டிய தொகுப்பாளர் நடந்துகொண்டே, "இந்தக் கதை ஒரு ஏழை விவசாயியின் வீட்டில் தொடங்குகிறது" என்பார். பின்னணியில் பியானோ.

ஆசியத் தொழிலதிபர்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் பயண சீரிஸ்களை யூடியூபிலும் ஓடிடியிலும் பார்ப்பவர்களுக்கு இந்த வரிசை அத்துப்படி. வியட்நாமில் எடுத்தாலும் தைவானில் எடுத்தாலும் இதேதான்; கோபுரம் மட்டும் மாறும். இப்படி ஒரு சீரிஸுக்கு ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதி அல்வா மாதிரி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கானும் சாம்சங்கும், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, ரெனால்ட் - நிசான் கூட்டாகத் தொடங்கிய ஆலை, டைம்லரின் பாரத்பென்ஸ். அரை மணி நேர கார் பயணத்துக்குள் கொரியா, தைவான், ஜப்பான், ஐரோப்பா எல்லாம் வந்துபோகும்.

சரி, இதுல என்ன பிரச்னை? இந்த சீரிஸ்கள் பொய் சொல்வதில்லை. சேர்மன் சொல்லும் கதை பெரும்பாலும் உண்மைதான். ஆனால் ஷூட்டிங் நடக்கிற முறையே பாதிக் கதையை கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுவிடுகிறது. அது யாரோ சதி செய்து நடப்பதில்லை. கால்ஷீட், அனுமதி, பயம் என்று எல்லாம் சேர்ந்து நடக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கேமராவுக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கேமரா உள்ளே போவதற்கு முன்னால்

வெளிநாட்டுக் குழு என்றால் முதல் கேட் விமான நிலையத்துக்கும் முன்னால் இருக்கிறது. சுற்றுலா விசாவில் வந்து ஆவணப்படம் எடுக்க முடியாது. இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பித்து, என்ன எடுக்கப்போகிறோம், எங்கே எடுக்கப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதாவது, இந்த ஊரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இந்த ஊரைப் பற்றிய கதை காகிதத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

ட்ரோனுக்குத் தனிக் கணக்கு. 2021-ல் வந்த ட்ரோன் விதிகளின்படி நாடு முழுவதும் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்ட வரைபடம் ஒன்று இருக்கிறது. விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் உள்ள இந்தப் பக்கத்தில், வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைக் கையில் எடுக்கக் கூடாது.

அடுத்தது நிறுவனத்தின் அனுமதி. மெயில் போவது தகவல் தொடர்புத் துறைக்கு. அங்கிருந்து எச்.ஆர்., சட்டப் பிரிவு, பாதுகாப்பு, சில சமயம் வெளிநாட்டுத் தலைமையகம். வேறொரு பிராண்டுக்காகப் பொருள் செய்து தரும் ஆலை என்றால், அந்த பிராண்டின் ஒப்புதலும் வேண்டும். ஒப்பந்தத்திலேயே ரகசியக் காப்பு ஷரத்து இருக்கும். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொல்வது சகஜம். ஆலை சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் இருந்தால் அது சுங்கத் துறை கணக்கில் வரும் இடம். கேமரா, லென்ஸ், பேட்டரி என உள்ளே போகிற ஒவ்வொன்றும் எழுதப்படும். வெளியே வரும்போது சரிபார்க்கப்படும்.

எல்லாம் முடிந்து உள்ளே போனால் அரை மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு. கையில் இருக்கும் செல்போனின் கேமரா மீது ஒரு ஸ்டிக்கர். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது. மின்னணு ஆலைகளில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக வேண்டும். உலகம் முழுக்கப் படம் எடுக்கும் போனைப் பூட்டித் தருகிற பெண்ணிடம், வேலை நேரத்தில் போன் இருக்காது.

உள்ளே போன பிறகு வருகிற சிக்கல்கள் கொஞ்சம் சுவாரஸ்யமானவை. கொரியாவிலும் தைவானிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. அங்கிருந்து வந்த குழு ஷட்டர் வேகத்தை மாற்ற மறந்தால், ஆலை விளக்குகள் எல்லாம் வீடியோவில் துடிக்கும். கார் ஆலையின் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற சத்தத்தில் காலர் மைக் உதவாது. பேட்டியை கான்ஃபரன்ஸ் அறைக்குத்தான் மாற்ற வேண்டும். பெயின்ட் ஷாப்புக்குள் தலைமுடி ஸ்பிரே அடித்த தொகுப்பாளரை விட மாட்டார்கள். ஹேர் ஸ்பிரே, மேக்கப் போன்றவற்றில் இருக்கும் சிலிகோன் துளி போதும், கார் பெயின்டில் அம்மை வடு மாதிரி பள்ளம் விழும்.

முக்கியமான விஷயம், லைன் நிற்காது. ஷூட்டிங்குக்காக யாரும் கன்வேயரை நிறுத்த மாட்டார்கள். குழுவுக்குக் கிடைப்பது ஒரு நாள், பல சமயம் அரை நாள். வழிகாட்டியாகக் கூடவே ஒருவர் வருவார், மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. சேர்மனோ எம்.டி.யோ தரும் நேரம் 40 நிமிடம். ஆக, 40 நிமிடத் தலைவர் பேட்டி, மூன்று மணி நேர ரோபோ காட்சிகள், பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். கையில் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்து எடிட்டர் வேறு எந்தக் கதையைச் சொல்வார்?

ரெடிமேட் ஹீரோ

சொல்லப்படும் கதைகள் சுமாரானவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹூண்டாயைத் தொடங்கிய சுங் ஜூ-யுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய வட கொரியாவில் இருக்கும் கிராமத்தில் ஒரு விவசாயியின் மகன். அப்பா மாடு விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ஓடியவர். 1998-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு, இரண்டு தவணைகளில் 1,001 மாடுகளை எல்லை தாண்டி வட கொரியாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாட்டுக்கு ஆயிரம் மாடு வட்டி! அதே 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. எந்த இயக்குநர் இதை விடுவார்?

ஃபாக்ஸ்கானின் டெர்ரி கோ 1974-ல் 7,500 டாலரோடு தொடங்கி, தொலைக்காட்சிப் பெட்டிக்கான பிளாஸ்டிக் திருகுகள் செய்தவர். இதுவும் நல்ல கதைதான்.

ஆனால் அந்தத் திருகிலிருந்து சுங்குவார்சத்திரம் ஐபோன் வரை நேர்கோடு போட்டால்தான் சிக்கல். நடுவில் ஒரு மாநில அரசு இருக்கிறது. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று வரிசையாகத் தொழிற்பூங்கா போட, நெல் விளைந்த நிலத்தைக் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. வரிச் சலுகை, மின்சாரம், துறைமுகம், ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்த பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். ஆட்சி மாறினாலும் 1990-களிலிருந்து இந்தக் கொள்கை பெரிதாக மாறவில்லை என்பதே தனி எபிசோடுக்கான விஷயம். கோப்பில் கையெழுத்துப் போடும் அதிகாரியைக் காட்டினால் பார்வையாளர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார் என்று தயாரிப்பாளருக்கு பயம். அந்த பயத்தில் கொஞ்சம் நியாயமும் உண்டு.

ஹீரோ கதையின் இன்னொரு பலவீனம், அது எக்ஸ்பைரி ஆகிவிடும். நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006-ல் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் உற்பத்தி. அந்த நாட்களில் எழுதப்பட்டதும் எடுக்கப்பட்டதும் எல்லாம் வெற்றிக் கதைகள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண்தான் அதன் போஸ்டர் முகம். 2014 நவம்பர் 1-ம் தேதி ஆலை மூடப்பட்டது. வரி வழக்கு, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறாத ஆலை, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியேறிய ஆயிரக்கணக்கானோர். அந்தப் போஸ்டர் முகங்கள் அதன் பிறகு என்ன வேலைக்குப் போனார்கள்? அதைத் தேடிப் போன கேமராக்கள் சொற்பம். பிறகு அதே ஆலையை சால்காம்ப் வாங்கி, சார்ஜர் செய்கிறது. அதுவும் மறுபடி ஒரு 'வெற்றிக் கதை' ஆகிவிட்டது.

"வேலை எப்படி இருக்கு?" "சூப்பரா இருக்கு சார்"

பயண சீரிஸ் என்றால் ஒரு தொழிலாளியும் வந்தாக வேண்டும். பெரும்பாலும் 20, 22 வயதுப் பெண். சொந்த ஊர் தூரத்து மாவட்டம், இல்லையென்றால் ஒடிசாவோ ஜார்க்கண்டோ. யார் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நிறுவனம். பேட்டி எடுக்கும்போது இரண்டடி தள்ளி எச்.ஆர். நிற்கிறார். "இங்கே வேலை எப்படி இருக்கு?" என்று தொகுப்பாளர் கேட்கிறார்.

அந்தப் பெண் என்ன சொல்ல முடியும்? காண்ட்ராக்ட் வேலை, அடுத்த மாதம் புதுப்பிக்கப்படுமா என்பதே தெரியாது. அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாலும், அந்தச் சூழலில் சொல்லும் 'சூப்பர்' எதையும் நிரூபிப்பதில்லை. அந்த நாலு வினாடிதான் மொத்த எபிசோடுக்கும் முத்திரை குத்துகிறது: 'எல்லோரும் மகிழ்ச்சி'. அவர் வேலையை விட்டுப் போன பிறகும் அந்த நாலு வினாடி யூடியூபில் இருக்கும்.

வெளியிலிருந்து வரும் கேமராவுக்குக் கதவு மூடியிருப்பது நிறுவனத்துக்கே நல்லதில்லை என்பதற்கு இந்த ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகிலுள்ள விடுதி ஒன்றில் சாப்பாடு ஒவ்வாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் நிறுவனமோ அதிகாரிகளோ சொன்னதை அந்த இரவில் நம்ப யாரும் தயாராக இல்லை. 'எல்லாம் சூப்பர்' என்பதை மட்டுமே காட்டும் இடத்திலிருந்து ஒரு கெட்ட செய்தி வந்தால், மனுஷங்க மோசமானதைத்தான் நம்புவாங்க. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி திறந்தது.

அதன் பிறகு விடுதிகளின் நிலை பொதுப் பேச்சானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். செலவு 706.50 கோடி ரூபாய். விழாவுக்கு ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூ வந்திருந்தார். அதே ஆண்டு ஜனவரியில் அவருக்கு பத்மபூஷன் அறிவிக்கப்பட்டிருந்தது. இந்தக் கட்டடத்தை எந்த சீரிஸ் காட்டினாலும் ட்ரோனில் பிரமாதமாக இருக்கும். நெடுஞ்சாலையில் உட்கார்ந்த அந்தப் பெண்கள் இல்லாமல் இந்தக் கட்டடத்தின் கதையைச் சொன்னால், அது பாதிக் கதை.

2024-லேயே இன்னும் இரண்டு சம்பவங்கள். ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வு வெளியிட்டது: ஐபோன் ஆலையின் அசெம்பிளி வேலைகளுக்குத் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று. பாகுபாடு எதுவும் இல்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்திய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தச் செய்தி எடுக்கப்பட்ட விதம். ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள், முன்னாள் எச்.ஆர். ஊழியர்கள், வேலை விளம்பரங்கள். ஆலைச் சுற்றுலாவில் கிடைக்கக்கூடிய விஷயம் அதில் எதுவும் இல்லை.

செப்டம்பர் 9-ம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி செய்யும் ஆலை. 37 நாள். ஆலைக்குச் சற்றுத் தள்ளிப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சம்பள உயர்வைவிட முக்கியமாக, 'எங்கள் சங்கத்தைப் பதிவு செய்' என்பதே கோரிக்கை. நடுவில் பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன. 2025 ஜனவரியில், உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, சங்கம் பதிவானது. அந்தப் பந்தலுக்குப் போக எந்த கார்ப்பரேட் அனுமதியும் தேவைப்படவில்லை.

ஒரு சேர்மன் கதவைத் திறந்தார்

'அப்படியெல்லாம் எந்த முதலாளி விடுவார்?' என்று கேட்கலாம். ஒருவர் விட்டார். அவரும் ஆசியத் தொழிலதிபர்தான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், மொரைன் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பரில் மூடப்பட்டது. ஜூலியா ரைக்கர்ட், ஸ்டீவன் போக்னர் என்ற ஆவணப்பட ஜோடி அதைப் படமெடுத்தது. ஆலைக்குள் அனுமதி இல்லாததால், தொழிலாளர்களே சின்னக் கேமராக்களை உள்ளே கொண்டுபோய்க் கடைசி நாட்களைப் பதிவு செய்து கொடுத்தார்கள். 'தி லாஸ்ட் டிரக்' 2009-ல் வந்தது. சில ஆண்டுகளில் அதே ஆலையை ஃபுயாவ் என்ற சீனக் கண்ணாடி நிறுவனம் வாங்கியது. அதன் சேர்மன் ட்சாவ் தெவாங் அதே ஜோடியை உள்ளே விட்டார். அவர்கள் வைத்த நிபந்தனை: நிறுவனத்தின் பணம் வேண்டாம், எடிட் எங்கள் கையில்.

அப்படி உருவானது 'அமெரிக்கன் ஃபேக்டரி'. காயம்பட்ட தொழிலாளர்கள், சங்கத்தை எதிர்க்கும் கூட்டங்கள், 2017 நவம்பரில் 868-க்கு 444 என்று சங்கம் தோற்ற வாக்கெடுப்பு எல்லாம் படத்தில் உண்டு. சேர்மனும் உண்டு. தனியாக உட்கார்ந்து, தவளைச் சத்தம் கேட்ட தன் சிறுவயது ஊரை நினைத்து, இத்தனை ஆலை கட்டியது நல்லதா என்று தன்னையே கேட்டுக்கொள்கிற சேர்மன். எந்த பி.ஆர். வீடியோவும் ஒரு தொழிலதிபரை இவ்வளவு மனுஷனாகக் காட்டியதில்லை. 2020-ல் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஃபுயாவ் ஆலை இன்னும் ஓடுகிறது. கேமராவால் எந்த ஆலையும் மூடப்படவில்லை.

நோக்கியாவுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு வருவதற்கு முன்பே, 2004-ல், தாமஸ் பால்மெஸ் எடுத்த 'எ டீசன்ட் ஃபேக்டரி' என்ற படம், நோக்கியாவின் நெறிமுறை ஆய்வாளர்கள் சீனாவில் உள்ள ஒரு சப்ளையர் ஆலையைச் சோதிக்கப் போவதைப் பின்தொடர்ந்தது. சம்பளக் கணக்கு, விடுதி அறை என்று அசௌகரியமான கேள்விகள் அதில் நிறைய. இங்கே வந்த பிறகு அப்படி ஒரு படம் எடுக்கப்பட்டிருந்தால், 2014-ஐப் புரிந்துகொள்ள நமக்குக் கையில் ஏதாவது இருந்திருக்கும்.

தொழில்முனைவோர்னா யாரு?

சேர்மன் இல்லாமலும் ஒரு நல்ல 'தொழில்முனைவோர்' சீரிஸை இந்தப் பகுதியில் எடுக்கலாம். கேட்டுக்கு வெளியே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலாளிகள்தான். கடன் வாங்கி மூன்று வேன் ஓட்டும் டிரான்ஸ்போர்ட்காரர். விளைநிலத்தை விற்ற பணத்தில் நாலு மாடி கட்டி, ஒரு ரூமுக்கு ஆறு பேர் என்று வாடகைக்கு விட்டிருக்கும் பழைய விவசாயி. இவரை நல்லவர், கெட்டவர் என்று ஒரு பக்கம் தள்ள முடியாது, அதனாலேயே சுவாரஸ்யமானவர். ஒடியாக்காரர்களுக்கு மெஸ் நடத்தும் ஒடியாக்காரர். கொரிய எழுத்தில் போர்டு மாட்டிய உணவகங்கள். கொரிய மொழி படித்து, மேனேஜருக்கும் லைனுக்கும் நடுவில் நின்று பிழைக்கும் தமிழ் இளைஞர்கள். ஒரு சொல்லைத் தவறாக மாற்றினால் சண்டை வரும் வேலை அது.

டூல்ரூம் முதலாளி இன்னும் நல்ல ஹீரோ. திருமுடிவாக்கம் சிட்கோ மாதிரி ஓர் எஸ்டேட்டில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிக்குப் பாகம் சப்ளை செய்யும் கம்பெனிக்கு அச்சு வெட்டித் தருபவர். சரக்கு கொடுத்த 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்கிறது. அது ஏட்டிலேயே கிடந்ததால்தான், சிறு, குறு நிறுவனங்களுக்குக் காலத்துக்குள் பணம் தராதவர்கள் அந்தத் தொகையை அந்த ஆண்டு செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2024 ஏப்ரல் முதல் அமல். 'அப்போ உங்ககிட்ட வாங்காம பெரிய கம்பெனிகிட்ட வாங்கிக்கிறோம்' என்று வாடிக்கையாளர் சொல்லிவிடுவாரோ என்று சிறு முதலாளிகள் பயந்ததும் நடந்தது. இன்வாய்ஸ் போட்ட நாளிலிருந்து பணம் வரும் நாள் வரை ஒரு டூல்ரூம்காரரின் பின்னால் கேமராவை வைத்தால், ஆசியாவின் உற்பத்தி எப்படி ஓடுகிறது என்று பார்வையாளருக்கு ரோபோ கை காட்டுவதைவிடத் தெளிவாகப் புரியும்.

இதற்கெல்லாம் கூடுதலாக வேண்டியது நாட்கள்தான். ஆலைக்குள் ஒரு நாள் என்றால், வெளியே நாலு நாள். உள்ளே எடுத்த பேட்டியை, அதே தொழிலாளி விரும்பினால், வார விடுமுறை நாளில், எச்.ஆர். இல்லாத இடத்தில் இன்னொரு முறை எடுக்கலாம். முகம் காட்ட வேண்டாம் என்றால் காட்ட வேண்டாம். எடிட்டை ரகசியத் தொழில்நுட்பம் வெளியாகிறதா என்று மட்டும் பார்க்க நிறுவனத்துக்கு உரிமை தரலாம், அதற்கு மேல் இல்லை என்று அனுமதி மெயிலிலேயே எழுதலாம். அதற்கு ஒப்புக்கொள்ளாத நிறுவனத்தின் பெயரை எபிசோடின் கடைசியில் ஒரு வரி போட்டால், பார்வையாளரே மிச்சத்தைப் புரிந்துகொள்வார்.

இன்னொரு சின்ன வேலையும் இருக்கிறது. கேமரா முன்னால் பேசுபவர்களிடம் குழு கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவம். இந்த வீடியோவை உலகம் முழுக்க, எந்தத் தளத்திலும், எத்தனை வருடமும் பயன்படுத்தலாம் என்று சொல்கிற அந்தத் தாள் பொதுவாக ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும். டீ பிரேக்கின் பத்து நிமிடத்தில் நீட்டப்படும். அதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் பெரிய எழுத்தில் அச்சடித்து, முந்தின நாளே கையில் கொடுத்து, 'ஒளிபரப்பாவதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம்னு சொல்லலாம்' என்று ஒரு வரியும் ஒரு போன் நம்பரும் சேர்க்க ஆகும் செலவு, ட்ரோனின் ஒரு நாள் வாடகையைவிடக் குறைவு.